கிசனின் புதுக் கால்

ராஜஸ்தான் மாநிலத்தில் மக்ரானா என்று ஓர் ஊர் இருக்கிறது. வெள்ளைச் சலவைக்கல்லுக்குப் பெயர் போன ஊர். தாஜ்மகால் கட்ட இந்த ஊரிலிருந்துதான் கல் போனது. இன்றும் அங்கே நிலத்தைத் தோண்டிக் கல் எடுக்கிறார்கள். குழிகள் மிகவும் ஆழமானவை. மேலே நின்று பார்த்தால் கீழே வேலை செய்கிற ஆட்கள் எறும்பு போலத் தெரிவார்கள்.

அந்தக் குழியில் வேலை செய்கிற ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவருக்குக் கிசன் என்று பெயர் வைப்போம். வயது 32. மனைவி பெயர் கமலா. ஐந்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு மகள். கிசன் கதைக்காக நாம் வைத்துக்கொண்ட ஆள். ஆனால் அவருக்கு நடந்தது பலருக்கு நடக்கிறது. கல் குழியில் நடக்கிறது. ரயில் பாதையில் நடக்கிறது. சாலையில் நடக்கிறது. கதிரடிக்கும் இயந்திரத்திலும் நடக்கிறது.

ஒரு நாள் மேலே தூக்கிய கல் சரிந்தது. கிசனின் இடது கால் நசுங்கியது. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். டாக்டர்கள் முட்டிக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

"முட்டியைக் காப்பாற்றிவிட்டோம்" என்றார் டாக்டர்.

கிசனுக்குக் கோபம் வந்தது. "காலே போய்விட்டது. முட்டி இருந்து என்ன பயன்?" என்று நினைத்தார்.

முட்டி இருந்து என்ன பயன்? முட்டிக்குக் கீழே கால் போனவர் செயற்கைக் காலோடு நடக்கிறார். அவருக்கு மற்றவர்களைவிடச் சுமார் நாலில் ஒரு பங்கு கூடுதல் சக்தி செலவாகிறது. முட்டிக்கு மேலே கால் போனவருக்கோ பாதிக்கு மேல் கூடுதலாகச் செலவாகிறது. அதே தூரம்தான். ஆனால் அவருக்கு மூச்சு வாங்கும். படி ஏறுவது, உட்கார்ந்து எழுவது, சைக்கிள் மிதிப்பது எல்லாம் முட்டியின் வேலை. கிசனுக்கு இது அப்போது தெரியவில்லை. இரண்டு வருஷம் கழித்து, அந்த முட்டியும் போய்விடுமோ என்ற நிலை வந்தபோதுதான் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வெட்டிய பிறகு மீதி இருக்கும் காலை ஆஸ்பத்திரியில் ஸ்டம்ப் என்பார்கள். நாம் அதை மீதிக்கால் என்று சொல்வோம்.

தலையணை வேண்டாம்

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள். கமலா ஒரு தலையணையை மடித்து மீதிக்காலுக்குக் கீழே வைத்தார். கணவருக்கு வலி குறையட்டும் என்ற ஆசைதான். அப்போது பயிற்சி கொடுக்கும் அம்மா வந்தார். இவரைப் பிசியோதெரபிஸ்ட் என்பார்கள். அவர் தலையணையை எடுத்துவிட்டார்.

"பையா, இது வேண்டாம்" என்றார். (பையா என்றால் அந்தப் பக்கம் அண்ணா என்று பொருள். நம் ஊர்ப் பையன் அல்ல.) "தலையணை வைத்தால் முட்டி மடங்கியே இருக்கும். சில வாரத்தில் அப்படியே இறுகிப் போகும். பிறகு நீட்ட வராது. நீட்ட வராத முட்டிக்குச் செயற்கைக் கால் போட முடியாது."

இது மிகவும் முக்கியம். நம் வீடுகளில் அன்பால் செய்கிற தவறு இது. நாற்காலியில் உட்காரும்போதும் மீதிக்காலைத் தொங்கப் போடக் கூடாது. ஒரு பலகை வைத்து நீட்டி வைக்க வேண்டும். ஒரு நாளில் இரண்டு மூன்று முறை குப்புறப் படுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 15, 20 நிமிஷம் படுத்தால் போதும். இடுப்பும் தொடையும் நேராக இருக்கும்.

அந்த அம்மா கமலாவுக்குக் கட்டுப் போடவும் கற்றுக் கொடுத்தார். இழுத்தால் நீளும் துணிக்கட்டு அது. எட்டு என்ற எண்ணைப் போலக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்ற வேண்டும். நுனியில் இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. மேலே இறுகினால் இரத்தம் திரும்பி வராது. நுனி வீங்கிவிடும். சில மணி நேரத்துக்கு ஒரு முறை அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும். கட்டினால் வீக்கம் வடியும். மீதிக்கால் நல்ல வடிவத்துக்கு வரும்.

இல்லாத காலில் வலி

இரவில் கிசனுக்கு ஒரு விசித்திரம் நடந்தது. இல்லாத கால் வலித்தது. கட்டை விரலை யாரோ முறுக்குவது போல இருந்தது. பாதம் அரித்தது. சொறியப் போனால் அங்கே பாதம் இல்லை. தனக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று பயந்தார். யாரிடமும் சொல்லவில்லை. வெட்டிய காலைச் சரியாகப் புதைக்காததால் வலிக்கிறது என்று பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சொன்னார்.

அது காரணம் அல்ல. புத்தியும் கெடவில்லை. கால் போன பலருக்கு இந்த வலி வருகிறது. நம் உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் மூளையில் ஓர் இடம் உண்டு. கால் போனாலும் மூளையில் அதன் இடம் அப்படியே இருக்கிறது. வெட்டுப்பட்ட நரம்புகளும் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அதனால் கால் இருப்பது போலவும் வலிப்பது போலவும் தோன்றுகிறது. இது உண்மையான வலி. டாக்டரிடம் சொன்னால் இதற்கென்று மருந்து தருவார். மீதிக்காலை மெல்லத் தட்டுவதும் தடவுவதும் உதவும்.

கண்ணாடியை வைத்து ஒரு வைத்தியமும் உண்டு. இரண்டு காலுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி வைப்பார்கள். கண்ணாடியில் நல்ல காலின் பிம்பம் தெரியும். போன கால் திரும்பி வந்தது போல இருக்கும். நல்ல காலை மெல்ல அசைத்தால் அந்தக் காலும் அசையும். மூளை ஆறுதல் அடையும். சிலருக்கு இதனால் வலி குறைகிறது. 1990களில் இந்த முறையைக் கொண்டு வந்தவர் வி.எஸ். ராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

இன்னோர் ஆபத்தும் இதில் இருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் கால் இருப்பதாக நினைத்து எழுந்து ஊன்றிவிடுவார்கள். கிசனும் ஓர் இரவு அப்படி விழுந்தார். தையல் பிரிந்தது. அன்று முதல் கமலா ஊன்றுகோலைக் கட்டிலுக்குக் குறுக்கே சாய்த்து வைத்தார். எழுந்தால் கை அதன் மேல்தான் படும்.

ஜெய்ப்பூர் கால்

புண் ஆறி, வீக்கம் வடிந்த பிறகு கிசன் ஜெய்ப்பூர் போனார். அது ராஜஸ்தானின் தலைநகரம். அங்கே ஒரு சிறப்பு உண்டு. ஜெய்ப்பூர் கால் பிறந்த இடம் அது.

முன்பெல்லாம் வெளிநாட்டு மாதிரிச் செயற்கைக் கால்கள்தான் கிடைத்தன. அவற்றுக்கு மேலே ஷூ போட வேண்டும். சம்மணம் போட முடியாது. குந்த முடியாது. சேற்றில் இறங்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து வாழ்கிறவர்களுக்கு அது சரி. வயலில் இறங்குகிறவருக்கு அது எதற்கு? பலர் அந்தக் காலை வீட்டில் மாட்டி வைத்துவிட்டுக் கோல் ஊன்றி நடந்தார்கள்.

ஜெய்ப்பூரில் சவாய் மான்சிங் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே ராம்சந்திர சர்மா என்று ஒரு கைவினைஞர் இருந்தார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். ஆனால் கையில் தொழில் இருந்தது. அங்கே டாக்டர் பி.கே. சேத்தி எலும்பு மருத்துவர். இருவரும் மற்ற டாக்டர்களும் சேர்ந்து 1968இல் ரப்பரில் ஒரு பாதம் செய்தார்கள். பார்க்க மனிதப் பாதம் போலவே இருந்தது. எல்லாப் பக்கமும் வளைந்தது. வெறுங்காலோடு நடக்கலாம். குந்தலாம். தண்ணீரில் நிற்கலாம். டாக்டர் சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது. சர்மாவின் பெயரைச் சொல்கிறவர்கள் குறைவு. அதனால்தான் இங்கே முதலில் சொன்னேன்.

1975இல் ஜெய்ப்பூரில் ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கியது. அதன் பெயர் பகவான் மகாவீர் விகலாங் சகாயதா சமிதி. அவர்கள் இந்தக் காலை இலவசமாகப் பொருத்துகிறார்கள். ரயில் ஏறி எந்த மாநிலத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

நடனக் கலைஞர் சுதா சந்திரனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1981இல் திருச்சி அருகே பஸ் விபத்தில் அடிபட்டு அவர் ஒரு காலை இழந்தார். ஜெய்ப்பூர் கால் பொருத்தி 1984இல் மறுபடி மேடையில் ஆடினார். ரயிலிலிருந்து தள்ளப்பட்டுக் கால் இழந்த அருணிமா சின்கா 2013இல் எவரெஸ்ட் சிகரம் ஏறினார். இவர்களைப் பற்றிப் படிப்பது நல்லது. ஆனால் கிசன் எவரெஸ்ட் ஏற வேண்டாம். வேலைக்குப் போய் வர வேண்டும். மகளைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் விட வேண்டும். அவருக்கு அது போதும்.

அதுவும் நடந்தது. சில வாரம் கம்பியைப் பிடித்து நடந்து பழகினார். பிறகு கோல் இல்லாமல் நடந்தார். கல் குழியில் இறங்குகிற வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கல் செதுக்கிச் சிலையும் கிண்ணமும் செய்கிற பட்டறையில் சேர்ந்தார். உட்கார்ந்து செய்கிற வேலை. கூலி குறைவு. ஆனால் தினமும் உண்டு.

பழந்துணி

இங்கேதான் தவறு நடந்தது. கால் பொருத்தியாகிவிட்டது, எல்லாம் முடிந்தது என்று கிசன் நினைத்தார்.

செயற்கைக் காலின் மேல் பகுதி ஒரு கூடு. மீதிக்கால் அதற்குள் போகும். நடக்கும்போது உடம்பின் பாரம் மீதிக்காலின் நுனியில் விழக் கூடாது. முட்டிச் சிப்பிக்குக் கீழே உறுதியான ஒரு தசைநார் இருக்கிறது. முக்கியமாக அதுதான் பாரம் தாங்க வேண்டும். அதற்கு ஏற்றபடி கூட்டைச் செய்திருப்பார்கள். ஆனால் மீதிக்கால் அப்படியே இருப்பதில்லை. முதல் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் அது வற்றிக்கொண்டே வரும். சதை குறையும். கூடு பழைய அளவிலேயே இருக்கும். கால் கூட்டுக்குள் கீழே இறங்கும். நுனி போய் அடியில் இடிக்கும்.

கிசனின் கூடும் இப்படித் தளர்ந்தது. அவர் என்ன செய்தார்? ஒரு பழைய வேட்டியைக் கிழித்தார். உள்ளே திணித்தார். இறுக்கமாக இருந்தது. வேலைக்குப் போனார். துணி மடிப்பு தோலை அறுத்தது. முதலில் சிவந்தது. பிறகு கொப்புளம் வந்தது. அது உடைந்தது. புதுச் செருப்பு கடித்தால் நாம் என்ன செய்வோம்? நாலு நாளில் தோல் காய்த்துவிடும் என்று விடுவோம். கிசனும் அப்படித்தான் நினைத்தார். உள்ளங்கால் தோல் பாரம் தாங்கப் பிறந்தது. மீதிக்காலின் தோல் அப்படி அல்ல. அது காய்க்காது. கிழியும்.

அவர் கமலாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலைக்குப் போக வேண்டாம் என்பார். ஜெய்ப்பூர் போனால் இரண்டு நாள் கூலி போகும்.

ஒரு நாள் இரவு கமலா கேட்டார். "என்னங்க, உங்க கால் பக்கம் ஒரு வாடை வருதே?"

"வேர்வைதான். நீ தூங்கு."

கமலா தூங்கவில்லை. விளக்கை ஏற்றினார். காலுறையைக் கழற்றினார். புண் ஒரு ரூபாய்க் காசு அளவு இருந்தது. சீழ் வைத்திருந்தது. முட்டி வரை சூடாக இருந்தது. கிசனுக்குக் காய்ச்சலும் இருந்தது. அதையும் மறைத்திருந்தார்.

விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் புண்ணைப் பார்த்தார். படம் எடுத்தார். "எலும்புக்குப் போகவில்லை. போயிருந்தால் முட்டிக்கு மேலே எடுக்க வேண்டி வந்திருக்கும்" என்றார். கிசன் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து வெகு நேரம் முட்டியை மடக்கி மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புண் ஆற ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் செயற்கைக் காலைத் தொடக் கூடாது. இரண்டு நாள் கூலியை மிச்சம் பிடிக்கப் போய் ஆறு வாரக் கூலி போனது.

பிறகு ஜெய்ப்பூர் போனார்கள். கால் செய்கிறவர் அந்தத் துணியைப் பார்த்தார். திட்டவில்லை. "இது எல்லோருக்கும் தளரும்" என்றார். "உங்கள் மேல் தப்பு இல்லை. ஆனால் தளர்ந்ததும் வந்திருக்க வேண்டும். முதலில் இதை நாங்கள் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்." புதுக் கூடு செய்து கொடுத்தார்.

தினமும் செய்வது

இரவில் செயற்கைக் காலைக் கழற்றியதும் மீதிக்காலைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நன்றாகத் துடைத்துக் காற்றாட விட வேண்டும். காலையில் கழுவினால் ஈரத் தோல் கூட்டுக்குள் ஒட்டிப் புண்ணாகும். அதனால்தான் இரவில். கூட்டின் உள்பக்கத்தையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். காலுறையைத் தினமும் துவைக்க வேண்டும். காலுறையில் தையலோ சுருக்கமோ இருக்கக் கூடாது. கால் மாட்டும் முன் எண்ணெய் தடவக் கூடாது. முடியை மழிக்கவும் கூடாது.

பிறகு பார்க்க வேண்டும். மீதிக்காலின் அடிப்பக்கம் நம் கண்ணுக்குத் தெரியாது. கைக்கண்ணாடியைக் கீழே பிடித்துப் பார்க்கலாம். காலைக் கழற்றியதும் கொஞ்சம் சிவப்பு இருப்பது சாதாரணம். பத்து நிமிஷத்தில் மறையும். அரை மணி ஆகியும் மறையவில்லை என்றால் ஏதோ இடிக்கிறது. தோல் உடைந்திருந்தால் கால் மாட்டவே கூடாது. கல்யாண வீடாக இருந்தாலும் சரி, கோலோடு போங்கள்.

காலையில் மீதிக்கால் சற்றுப் பருமனாக இருக்கும். மாலைக்குள் மெலியும். மெலிந்தால் ஒரு காலுறை கூடுதலாகப் போடலாம். அது பழந்துணி போல மடியாது. மூன்று நாலு உறை போட்டும் ஆடுகிறது என்றால் கூடு மாற்ற வேண்டும். உடம்பு எடை கூடினாலும் குறைந்தாலும் கூடு பொருந்தாது. செயற்கைக் காலும் தேய்கிற பொருள்தான். சில வருஷத்துக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும். வாழ்நாள் முழுவதும் ஒரே காலைப் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மற்றக் காலும் மற்ற உடம்பும்

ஒரு கால் போனவர் இன்னொரு காலின் மேல்தான் சாய்வார். நிற்பதும் அதில்தான், தாவுவதும் அதில்தான். வருஷங்கள் போகப் போக அந்த முட்டி தேயும். முதுகு வலிக்கும். வீட்டுக்குள் கொஞ்ச தூரம்தானே என்று ஒற்றைக் காலில் நொண்டித் தாவக் கூடாது. செயற்கைக் கால் நீளம் குறைந்தாலும் இடுப்பு சாய்ந்து முதுகு வலி வரும். அதையும் காட்டிச் சரி செய்யலாம். அக்குளில் வைக்கும் கட்டையில் உடம்பைத் தொங்கப் போடக் கூடாது. பாரம் உள்ளங்கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அக்குள் நரம்பு கெட்டுக் கை மரத்துப் போகும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. போரில் காலை இழந்த வீரர்களைப் பல வருஷம் கவனித்துப் பார்த்திருக்கிறார்கள். மற்றவர்களைவிட அவர்களுக்கு மாரடைப்பு அதிகமாக வந்தது. நடப்பது குறைகிறது. எடை கூடுகிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. ஆகவே கால் ஆறிய பிறகும் வருஷத்துக்கு ஒரு முறை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வேண்டும். கிசன் ஒரு நாளைக்கு ஒரு கட்டுப் பீடி பிடிப்பார். பீடி இரத்தக் குழாயைச் சுருக்கும், புண் ஆற விடாது என்று டாக்டர் சொன்னார். அவர் பீடியை விட்டது அந்த ஆறு வாரத்தில்தான். இரண்டு முறை மறுபடி தொடங்கி, மூன்றாம் முறை விட்டார்.

மனசும் உடம்புதான். விபத்து கனவில் வரும். எதிலும் பிடிப்பு இல்லாமல் போகும். சிலர் குடிக்கத் தொடங்குவார்கள். இதையும் டாக்டரிடம் சொல்லலாம். கால் இழந்த இன்னொருவரிடம் பேசுவதும் பெரிய உதவி. நமக்கு எவ்வளவு சொன்னாலும் புரியாதது அவருக்குச் சொல்லாமலே புரியும்.

கேட்டு வாங்க வேண்டியவை

வேலை செய்யும் இடத்தில் அடிபட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். இதற்கு நம் நாட்டில் 1923லேயே சட்டம் வந்தது. பிறகு சட்டத்தின் பெயரும் வடிவமும் மாறின. உரிமை போகவில்லை. தாமதம் செய்யாமல் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்க வேண்டும். 2016ஆம் வருஷச் சட்டப்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்குச் சிறப்பு உரிமைகள் உண்டு. அரசு வேலையில் 4 சதவீத இடம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. யூ.டி.ஐ.டி. என்ற அடையாள அட்டை நாடு முழுவதும் செல்லும். வருமானம் குறைந்தவர்களுக்குச் செயற்கைக் காலும் மூன்று சக்கர வண்டியும் கொடுக்க 1981 முதல் மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. இந்தப் பொருள்களைச் செய்ய 1972இல் கான்பூரில் அலிம்கோ என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. மாவட்ட அலுவலகத்தில் விசாரித்தால் அடுத்த முகாம் எப்போது என்று சொல்வார்கள்.

கமலாவின் நோட்டு

கமலா எழுத்தறிவு மையத்தில் படித்தவர். புண் ஆறிய பிறகு ஒரு நோட்டு வாங்கினார். தினமும் இரவில் கண்ணாடி பிடித்துக் காலைப் பார்ப்பார். பார்த்ததை எழுதுவார். கால் செய்கிறவரிடம் அந்த நோட்டைக் காட்டினால் எங்கே இடிக்கிறது, எப்போது தளர்ந்தது என்று அவருக்கு உடனே புரிகிறது. நீங்களும் உங்கள் வீட்டில் இப்படி எழுதலாம். அதில் ஒரு பக்கம் இது:

மார்ச் 3. காலையில் 2 உறை. மாலையில் 3 உறை. சிவப்பு இல்லை.

மார்ச் 9. மாலையில் 4 உறை. அப்படியும் ஆடுகிறது. நுனியில் சிவப்பு. அரை மணி ஆகியும் போகவில்லை.

மார்ச் 10. கால் மாட்டவில்லை. கோலோடு பட்டறைக்குப் போனார்.

மார்ச் 12. சிவப்பு போய்விட்டது. தோல் உடையவில்லை.

மார்ச் 14. ஜெய்ப்பூர் போனோம். கூட்டைச் சரி செய்தார்கள். இரண்டு நாள் கூலி போனது. மகளும் அடம் பிடித்துக் கூட வந்தாள்.